ஏரியில் எதை எடுக்கிறோம், எதை விட்டுவைக்கிறோம்?

ஆகாயத்தாமரை மூடிய ஒரு ஏரியைச் சுத்தம் செய்ய ஊராட்சியோ பேரூராட்சியோ முடிவெடுத்தால் வேலை எப்படி நடக்கும் என்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டில் "செடி அகற்றுதல், இத்தனை ஏக்கர்" என்று ஒரே வரி. பொக்லைன் இறங்கும், கரையோரத்துக் கோரை, சம்பு, அல்லி, கொட்டிக்கிழங்கு எல்லாமே ஆகாயத்தாமரையோடு சேர்ந்து வாரப்படும், குவியல் கரையிலேயே கிடக்கும், போட்டோ எடுத்து பில் போட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்கு ஏரி மறுபடி பச்சை.

இதே அலுவலகத்தின் இன்னொரு அலமாரியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று இருக்கும், ஊரில் உள்ள செடிகொடிகளையும் உயிரினங்களையும் எழுதிவைக்கும் பட்டியல். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு ஊர் மக்களைக் கேட்டு இந்தப் பதிவேட்டை எழுத வேண்டும். பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் அவசர அவசரமாக எழுதினார்கள். அந்த அவசரம் பக்கங்களிலேயே தெரியும். நான் புரட்டியவற்றில் பக்கத்து ஊரின் பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதியவையும் இருந்தன. ஏரி டெண்டர் போடும்போது இதை யாராவது திறந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு உண்மையான கவலை இதுதான். எதை எடுக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள், எதை விட வேண்டும் என்று எழுதுவதில்லை. நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலை மேலேயே முட்டையிடும். நீலத் தாழைக்கோழிக்குச் சம்பும் கோரையும் வேண்டும். விரால் செடிகள் அடர்ந்த ஆழமில்லாத ஓரத்தில்தான் குஞ்சு காக்கும். எந்த மூலையில் எது இருக்கிறது என்பதை மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடமும் மாடு மேய்க்கிறவர்களிடமும் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அதை ஏரியின் படத்தில் குறித்து, "இந்தப் பகுதியில் இயந்திரம் இறங்கக் கூடாது, கையால் மட்டும்" என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம்.

அப்புறம் கணக்கு. சத்தும் வெயிலும் கிடைத்தால் ஆகாயத்தாமரை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். 95 சதவீதம் எடுத்துவிட்டோம் என்று கிளம்பினால், மிச்சமுள்ள 5 சதவீதம் இரண்டே மாதத்தில் 80 ஆகிவிடும். சேற்றில் விழுந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு முறை அகற்றுவதற்கு மட்டும் பணம் கொடுக்கிற ஒப்பந்தம் வீண்செலவு என்பேன். மூன்று ஆண்டுப் பராமரிப்போடு, மாதாமாதம் பரிசலில் போய் முளைப்பதை எடுக்கும் கூலியோடு எழுதினால்தான் வேலை நிலைக்கும். பூ வருவதற்கு முன்னால் எடுப்பது முக்கியம். எடுத்ததைக் கரைக்கு வெளியே, மழைநீர் திரும்ப ஏரிக்குள் ஓடாத இடத்தில் காயவைக்க வேண்டும், செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், காய்ந்தால் லாரிச் செலவும் குறையும். உரமாக்கலாம், ஆனால் ஆலைக் கழிவு கலக்கும் ஏரி என்றால் கூடாது, வேர் உலோகங்களை இழுத்து வைத்திருக்கும்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பார்கள். மொத்தமாக மடிந்த செடி தண்ணீருக்குள் அழுகினால் ஆக்ஸிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். வண்டு விடுவது உண்டு, செடியைத் தின்னும் கூன்வண்டுகள் 1980களின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன, ஆனால் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும், கோடையில் வற்றிப்போகும் கண்மாயில் அவை நிலைப்பது கடினம்.

சாக்கடை வந்துகொண்டே இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. செடிக்குச் சோறு போடுவதே அந்தக் கழிவுநீரின் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். ஏரிப் பட்ஜெட்டும் சாக்கடைப் பட்ஜெட்டும் ஒரே திட்டத்தில் வர வேண்டும்.

இன்னொன்று. நம் ஏரிகள் சங்கிலித் தொடர். மேல் ஏரியின் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்தால் செடியும் சேர்ந்து கீழ் ஏரிக்கு வரும். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு உட்பட்டது என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறையின் பொறுப்பு, ஒரே சங்கிலிக்குள் இரண்டும் வரும். இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து மேலிருந்து கீழாக வரிசை போட்டு, வரத்துக் கால்வாயில் மூங்கில் மிதவைத் தடுப்பும் கட்டினால்தான் கீழே செய்த வேலை தங்கும்.

மார்ச் 22 கிராமசபை இதைப் பேசச் சரியான நாள். தண்ணீர் இறங்கத் தொடங்கும் காலம், கோடை வேலைக்கு அப்போதே திட்டமிட்டாக வேண்டும். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஏரி மதிப்பீட்டையும் கேளுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லி, விட்டுவைக்க வேண்டிய பகுதிகளைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.