மின்பொறியியலில் பிஎச்.டி. சேர: விதி என்ன, எந்தப் பாடங்களை எப்படிப் படிப்பது

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. சேர்க்கை, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பரில் அறிவித்த விதிமுறையின்படி நடக்கிறது. மின்பொறியியல் படித்தவர்கள் பலர் அதைப் பார்க்காமலேயே கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வு) வினாத்தொகுப்பை எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வில் பாதி மின்பொறியியலே அல்ல என்பது அவர்களுக்குத் தேர்வறையில்தான் தெரியவருகிறது. ஆகவே விதியிலிருந்தே தொடங்குவோம்.

எம்.இ. அல்லது எம்.டெக். பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டு பி.இ. மட்டும் முடித்தவர்கள் 75 சதவீதம் வைத்திருந்தால், முதுகலை இல்லாமலே நேராக பிஎச்.டி.க்குப் போகலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினர் ஆகியோருக்கு இரண்டிலும் 5 சதவீதத் தளர்வு உண்டு.

உள்ளே போக இரண்டு வழிகள். கேட் போன்ற தேசியத் தேர்வில் தகுதி பெற்று, நேர்காணல் மூலம் சேர்வது ஒன்று. பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு மற்றது. இந்தத் தேர்வில் 50 சதவீதம் ஆராய்ச்சி முறையியல், 50 சதவீதம் பாடம். 50 சதவீத மதிப்பெண் எடுத்தவர்களே நேர்காணலுக்குத் தகுதி பெறுவார்கள். மேலே சொன்ன பிரிவினருக்கு இங்கும் 5 சதவீதம் குறைவு. இறுதிப் பட்டியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை. இன்னொரு தேசியத் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டில் எலக்ட்ரானிக் சயின்ஸ் உண்டு, மின்பொறியியல் தனிப்பாடமாக இல்லை. அதனால் நம் துறைக்குக் கேட்தான் பெரிய வாசல். அந்த மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. போன்ற தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனங்கள் தத்தம் விதிப்படி சேர்ப்பதால், அந்தந்தத் துறையின் சேர்க்கை அறிவிப்பைத் தனியாகப் படிக்க வேண்டும்.

கேட் தாளின் அமைப்பு

3 மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண். பொதுத் திறன் 15, பொறியியல் கணிதம் 13, மீதி 72 மின்பொறியியல். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் வினா தவறினால், ஒரு மதிப்பெண் வினாவுக்கு 1/3 மதிப்பெண்ணும் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு 2/3 மதிப்பெண்ணும் கழியும். எண்ணைத் தட்டச்சு செய்யும் வினாக்களுக்கும், பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கும் கழிவு இல்லை. ஆனால் பல விடை வினாவில் சரியானவை அனைத்தையும் குறித்தால்தான் மதிப்பெண். பாதி சரி என்றால் பூஜ்யம். கணக்குப் போடத் திரையில் உள்ள கால்குலேட்டர் மட்டுமே. வீட்டில் கைக்கருவியை வைத்துப் பழகியவர்களுக்குத் தேர்வறையில் வேகம் குறையும். பயிற்சியின்போதே திரைக் கால்குலேட்டருக்கு மாறிவிடுங்கள்.

எங்கே ஆழமாகப் படிப்பது

பாடத்திட்டத்தில் கணிதம் தவிர ஒன்பது பகுதிகள் உள்ளன: மின்சுற்றுகள், மின்காந்தப் புலங்கள், சிக்னல்களும் சிஸ்டங்களும், மின் இயந்திரங்கள், பவர் சிஸ்டம், கன்ட்ரோல் சிஸ்டம், அளவீட்டியல், அனலாக் மற்றும் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ். எல்லாவற்றுக்கும் சமநேரம் ஒதுக்குவது பிஎச்.டி.க்குப் போகிறவருக்குப் பொருந்தாது. நேர்காணல் குழு, நீங்கள் எந்தப் பிரிவில் ஆய்வு செய்ய வருகிறீர்களோ அதன் அடிப்படையைத்தான் தோண்டும். கணிதம், மின்சுற்று, சிக்னல் மூன்றும் எல்லோருக்கும் கட்டாயம். அதன்மேல் ஆய்வுப் பிரிவுக்கேற்ற இரண்டு பாடங்களை அடிவரை படிப்பது நல்லது. பவர் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போகிறவர் மின் இயந்திரத்தையும், பவர் சிஸ்டம் பக்கம் போகிறவர் கன்ட்ரோலையும் கூடவே எடுத்துக்கொள்ளலாம்.

கணிதத்தில் முதலில் நேரியல் இயற்கணிதம். 13 மதிப்பெண்ணில் ஒரு பங்குதானே என்று இதை ஒதுக்கக் கூடாது. ஒரு அமைப்பை அணிகளால் எழுதும் ஸ்டேட் ஸ்பேஸ் மாதிரியில் அணியின் ஐகன் மதிப்புகள்தான் அமைப்பு நிலையானதா என்று சொல்கின்றன. கட்டுப்படுத்தத் தக்கதா என்பதை அணியின் தரம் சொல்கிறது. மின்வலையமைப்பில் மின்னழுத்தமும் ஆற்றல் ஓட்டமும் காணும் பவர் ஃப்ளோ கணக்கில் நியூட்டன்-ராப்சன் முறை ஜாக்கோபியன் அணியில் நிற்கிறது. தேர்வுக்குப் பிறகும் ஆய்வு முழுக்க வரப்போகிற பாடம் இது.

மின்சுற்றில் அடிக்கடி நடக்கும் பிழை, பெரிய சுற்றை ஒரு மூலமும் ஒரு மின்தடையுமாகச் சுருக்கும் தெவனின் சமான சுற்றில். தனித்த மூலங்களை மட்டுமே அணைக்க வேண்டும். சுற்றின் வேறொரு மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து மாறும் சார்பு மூலங்கள் அப்படியே இருக்க வேண்டும். அவற்றையும் சேர்த்து அணைத்துவிட்டு மின்தடையைக் கணக்கிட்டால் விடை தவறும். சார்பு மூலம் உள்ள சுற்றில் வெளியிலிருந்து 1 வோல்ட் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தைக் கண்டு வகுத்துப் பாருங்கள்.

சிக்னலில் சாம்ப்ளிங்கை (தொடர் அலையைச் சீரான இடைவெளியில் அளந்தெடுப்பதை) படம் வரைந்து படிக்க வேண்டும். 3 கிலோஹெர்ட்ஸ் அலையை 4 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் செய்தால் அது 1 கிலோஹெர்ட்ஸாகத் தோன்றும். ஏன் என்று அலைமாலையை (ஸ்பெக்ட்ரம்) வரைந்து காட்டத் தெரிந்தவரை நேர்காணலில் எளிதில் அசைக்க முடியாது.

கன்ட்ரோலில், நீண்ட நேரம் கழித்து வெளியீடு எங்கே நிற்கும் என்று சொல்லும் இறுதி மதிப்புத் தேற்றத்தை எங்கும் போட்டுவிடுகிறார்கள். நிலையற்ற அமைப்புக்கும் தேற்றம் ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும், அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. முதலில் நிலைத்தன்மையைச் சோதிக்கும் ரூத் அட்டவணை, பிறகு தேற்றம்.

மின் இயந்திரங்களில் இண்டக்ஷன் மோட்டாரின் ஆற்றல் ஓட்டத்தை ஒருமுறை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்குகள் விழுந்துவிடும். 4 துருவம், 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. மோட்டார் 1440-ல் ஓடினால் ஸ்லிப் (ஒத்தியங்கு வேகத்திலிருந்து பின்தங்கும் பங்கு) 4 சதவீதம், ரோட்டார் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், காற்றிடைவெளியைக் கடக்கும் ஆற்றலில் 4 சதவீதம் ரோட்டார் தாமிர இழப்பு. ஸ்லிப் என்ற ஒரே எண்ணிலிருந்து எல்லாம் வருகிறது.

பவர் சிஸ்டத்தில் பெர் யூனிட் (அளவுகளை ஒரு அடிப்படை மதிப்பின் விகிதமாக எழுதும் முறை) மாற்றத்தில்தான் மதிப்பெண் கசியும். 20 எம்.வி.ஏ. அடிப்படையில் 0.1 உள்ள மின்மாற்றியின் மறிப்பு, மின்னழுத்த அடிப்படை மாறாமல் 100 எம்.வி.ஏ.க்குப் போனால் 0.5 ஆகும். மின்னழுத்த அடிப்படையும் மாறினால் பழையதற்கும் புதியதற்குமான விகிதத்தின் வர்க்கம் உள்ளே வரும். அந்த வர்க்கத்தை விட்டுவிடுவதே வழக்கமான தவறு.

பவர் எலக்ட்ரானிக்ஸில் வாய்பாட்டை மனப்பாடம் செய்யாதீர்கள். மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரில் 12 வோல்ட் உள்ளீடு, டியூட்டி (ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் இயங்கும் நேரப் பங்கு) 0.5 என்றால் வெளியீடு 24 வோல்ட் என்பது இண்டக்டர் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடாத வரைதான். சுமை குறைந்து மின்னோட்டம் அறுபட்டால் வெளியீடு 24-க்கு மேலே போகும், அந்த வாய்பாடு செல்லாது. இண்டக்டரின் சராசரி மின்னழுத்தம் ஒரு சுழற்சியில் பூஜ்யம் என்ற அடிப்படையிலிருந்து எழுதப் பழகினால் இரண்டு நிலைக்கும் நீங்களே வருவித்துக்கொள்ளலாம். அளவீட்டியலும் புலங்களும் பழைய வினாத்தாள்களோடு முடியக்கூடியவை.

ஆராய்ச்சி முறையியல்

மின்பொறியாளர்கள் அதிகம் கோட்டைவிடும் பகுதி இதுதான். மாதிரி எடுக்கும் முறைகள், கருதுகோள் சோதனை, முதல் வகைப் பிழைக்கும் (சரியான கருதுகோளை நிராகரிப்பது) இரண்டாம் வகைப் பிழைக்கும் (தவறானதை நிராகரிக்காமல் விடுவது) உள்ள வேறுபாடு, ஆய்வு அறம் ஆகியவற்றைப் படியுங்கள். யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டு விதியின் நிலைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை; அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60-க்கு மேல் என மூன்று நிலைகள்.

சேர்ந்த பிறகு

குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி உண்டு. ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் அதில் ஒரு பாடம். காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு மூலம் 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டு தரலாம். ஒரு பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வழிகாட்ட முடியாது. ஆகவே விருப்பமான வழிகாட்டியிடம் இடம் காலியாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் சேர்கிறவர்களுக்குப் பணியிடத்தின் தடையின்மைச் சான்று கட்டாயம். ஆய்வுக்கு நேரம் ஒதுக்க அனுமதிப்பதாகவும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிப்பதாகவும் அதில் எழுதியிருக்க வேண்டும்.