சப்வூஃபர் குமிழைத் திருகுமுன்

சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்துக் கடையில் தரையை அதிரவைத்த அதே சப்வூஃபர் (பேஸ் எனப்படும் ஆழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி, சுருக்கமாக 'சப்'), செங்காங் வீட்டு ஹாலுக்கு வந்ததும் ஒன்று ஊமையாகிவிடும், இல்லையென்றால் விடாமல் உறுமும். உடனே கை பின்பக்கக் குமிழைத் தேடும். அந்தக் குமிழ் எல்லாத் தாழ்ந்த ஒலிகளையும் ஒரே அளவில் ஏற்றும், ஒரே அளவில் இறக்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. கோளாறோ பெரும்பாலும் சுவர்களில் இருக்கிறது.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடுகிறது. ஆகவே 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை பதினொன்றரை மீட்டர் நீளம். நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஹாலும் சாப்பாட்டு மேசை இடமும் சேர்ந்து 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த அலை இதற்குள் அடங்காது. எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு கலக்கிறது. அரை அலையின் நீளமும் அறையின் நீளமும் சரியாகப் பொருந்துவது சுமார் 29 ஹெர்ட்ஸில். அப்போது இரு சுவர்களின் ஓரத்திலும் அழுத்தம் உச்சத்தில் நிற்கும். நட்ட நடுவில் ஏறக்குறைய ஒன்றுமிருக்காது. அதன் இரட்டிப்பான 58 ஹெர்ட்ஸில் இந்த வெற்றிடம் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டரிலும் நாலரை மீட்டரிலும் விழும்.

இதைக் கேட்டே பார்க்கலாம். கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வழியாக 58 ஹெர்ட்ஸை மெல்ல ஓடவிட்டு, டிவி சுவரிலிருந்து சாப்பாட்டு மேசை வரை நடந்து பாருங்கள். ஓரிடத்தில் காதை அடைக்கும். இரண்டு எட்டு வைத்தால் சப்வூஃபரை யாரோ அணைத்துவிட்டது போலிருக்கும். உங்கள் சோபா அந்த இரண்டாவது இடத்தில் கிடந்தால் குமிழை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. நேரே வரும் அலை எவ்வளவு கூடுகிறதோ, அதை அழிக்கத் திரும்பி வரும் அலையும் அவ்வளவே கூடும். ஒவ்வோர் அதிர்வெண்ணின் அளவையும் தனித்தனியே மாற்றும் ரிசீவரின் ஈக்வலைசரும் மேட்டை வெட்டுமே தவிரப் பள்ளத்தை நிரப்பாது.

நம் வீடுகளில் இது இன்னும் கடுமை. அமெரிக்க வீடுகளின் மரச்சட்ட ஜிப்சம் சுவர் சற்றே அசைந்துகொடுத்து பேஸில் ஒரு பங்கை விழுங்கிவிடும். காங்கிரீட் அசையாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுத் தடுப்பு அறையான பாம் ஷெல்டரின் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் யூடியூபில் அங்கிருந்து வரும் அறிவுரைகளைச் சற்றுத் தள்ளிவைத்தே கேட்பேன்.

ஆகவே முதலில் இடம், பிறகுதான் அளவு. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவில் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, சப்பை வைக்கச் சாத்தியமுள்ள மூலைகளில் காதைத் தரையோரம் வைத்துக் கேளுங்கள். எங்கே ஒலி சீராக, வீங்காமல் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். ஒலி போகும் பாதை இருபக்கமும் ஒன்றே என்பதால் இந்தத் தலைகீழ் வித்தை பலிக்கிறது. வீட்டுக்காரம்மா சம்மதிக்கும் மூலை அதுதானா என்பது வேறு கதை.

இனி அளவு. திரையரங்குக் கணக்கில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் உச்சமும் 105 டெசிபல். 5.1 ஸ்பீக்கர் அமைப்பு என்பதில் வரும் அந்தப் புள்ளி ஒன்றுக்கு, அதாவது வெடிக்கும் இடிக்குமான தனித் தடத்துக்கு, 10 டெசிபல் கூடுதலாக 115. இந்தப் பத்தை ரிசீவரே சேர்த்துவிடும், நாம் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. ஏர்கானையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ரிசீவரின் சோதனை ஒலியை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் காது உயரத்தில் ஒலி அளவுமானியைப் பிடித்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபல் காட்ட வேண்டும்; சோதனை ஒலி உச்சத்தைவிட 30 டெசிபல் தாழ்வானது. மானியை அதிலுள்ள 'சி' நிறையளவு (C-weighting) என்ற அளவீட்டு முறையில் வைக்க வேண்டும். 'ஏ'யில் வைத்தால் அது தாழ்ந்த ஒலிகளைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். கைப்பேசி மைக் மனிதக் குரலுக்காகச் செய்தது. பேஸ் விஷயத்தில் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது.

ரிசீவர் தன் மைக்கை வைத்துத் தானே அளந்துகொள்வதானால், முடிந்ததும் சப்புக்கு அது என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் 12 என்று அடிமட்டத்தில் கிடந்தால் பின்பக்கக் குமிழ் மிக அதிகம் என்று பொருள். குறைத்துவிட்டு மறுபடி அளக்கவிடுங்கள். பூஜ்யத்துக்கும் மைனஸ் ஐந்துக்கும் நடுவே வந்தால் போதும். சப்பின் தூரத்தை உண்மையைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் திருத்தப் போகாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்று எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் அது தூரமாக மாற்றி எழுதியிருக்கிறது. மற்ற ஸ்பீக்கர்களிடமிருந்து சப் வேலையை ஏற்கும் எல்லையான கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம். சப்பிலேயே இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை முழுதாகத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே வேலையை இருவர் செய்வார்கள்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் பேஸ் போதவில்லை என்று தோன்றும். காதின் குணம் அப்படி. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைந்து காட்டியது இது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்க இரண்டு மூன்று டெசிபல் போதும். 30 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 60 தேவை. நடுத்தர ஒலி இருமடங்காகத் தோன்ற 10 டெசிபல் கூட்ட வேண்டும். ஆழ்ந்த பேஸுக்கு ஐந்தாறே போதும். இறக்கும்போதும் இதே கணக்கு. திரையரங்கு அளவிலிருந்து 20 டெசிபல் குறைத்துப் பார்த்தால் வசனம் கால்வாசியாகத்தான் குறையும், இடியோ அதைவிட வெகுவாகக் குறைந்துபோகும். இதை ஈடுகட்டும் வசதி பல ரிசீவர்களில் உண்டு. அது இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் சப்பை மூன்று டெசிபல் ஏற்றுங்கள். எட்டு பத்து ஏற்றுபவர்கள் வெடியை மட்டும் ரசிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இரவில் அக்கம்பக்கம் அடங்கிய பிறகு ஏற்றிய அந்த மூன்று டெசிபலையும் எடுத்துவிடுங்கள். ஒரு சுவர் தடுக்கும் ஒலி, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். வசனம் உங்கள் ஹாலோடு நின்றுவிடும், பேஸ் கீழ்மாடிக்காரரின் படுக்கையறை வரை போகும். சப்புக்கு அடியில் வைக்கும் நுரைப் பலகை தரைக்கு நேரே இறங்கும் அதிர்வைத்தான் குறைக்கும். காற்றில் பரவிச் சுவரையும் தரையையும் உலுக்கும் பேஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

கடைசியாக ஒரு வேலை. பகலில், 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஒலியை மெதுவாக ஏற்றிக்கொண்டே வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒரு எண்ணில் ஜன்னல் கிரில் கடகடக்கும், இன்னொன்றில் பாம் ஷெல்டரின் இரும்புக் கதவு, வேறொன்றில் சாமி மாடத்து வெண்கல மணி. சப் பிசிறடிக்கிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப்படும் பெட்டிகளில் சிலவற்றின் குற்றவாளி இப்படி எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும். ஒட்டும் ஃபெல்ட் துண்டு இரண்டு இருந்தால் அங்கேயே தீர்ந்துவிடும்.