சேணத்தில் உட்காராத சவாரி

2025 நவம்பர் 1 அன்று கலிஃபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் ஃபாரெவர் யங் என்ற ஜப்பான் குதிரை பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தை வென்றது. அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்றான அதை ஜப்பானில் பயிற்சி பெற்ற குதிரை வென்றது அதுவே முதல் முறை. ஓட்டியவர் ரியூசெய் சகாய். காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஜாக்கி ஏன் சேணத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறார்? முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தரத்தில் தொங்குவது காற்றைக் கிழிப்பதற்காகவா?"

காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் மேல் மோதும் காற்று குதிரைக்குச் சுமைதான். குனிந்தால் அது குறையும், இது பள்ளிப் பாடம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. சுவையான பகுதி ஜாக்கியின் முதுகில் இல்லை, முழங்காலில் இருக்கிறது.

முதலில் குதிரையைப் பார்ப்போம். டோக்கியோவின் மேற்கே ஃபுச்சூவில் உள்ள மைதானத்தில் நவம்பர் கடைசியில் ஜப்பான் கப் நடக்கும். தூரம் 2400 மீட்டர். 2018-இல் ஆல்மண்ட் ஐ என்ற மூன்று வயதுப் பெண் குதிரை, கிறிஸ்தோஃப் லெமேர் ஓட்ட, அந்தத் தூரத்தை 2 நிமிடம் 20.6 நொடியில் கடந்தது. அதாவது நொடிக்கு 17 மீட்டர். முழு வேகத்தில் பந்தயக் குதிரையின் ஒரு தாவல் சுமார் 7 மீட்டர். ஆக நொடிக்கு ஏறக்குறைய 2.4 தாவல், பந்தயம் முழுக்க 340 தாவல்.

ஒவ்வொரு தாவலிலும் நடப்பது இதுதான். பின்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றி உடலை முன்னே தள்ளும். அப்புறம் முன்னங்கால்கள் இறங்கும்போது உடல் ஒரு கணம் தடைபட்டு மேலே எழும்பும். பிறகு நான்கு கால்களும் தரையை விட்டுவிடும். எனவே சேணம் ஒரே சீராக முன்னே போவதில்லை. மேலும் கீழும் ஆடுகிறது, முன்னும் பின்னும் வெட்டி வெட்டி நகர்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும் நமக்குத்தான் அது வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரிகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சேணம் மொத்தம் 10 செ.மீ. உயரத்துக்கு மேலும் கீழும் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.4 முறை. சீராக இரு பக்கமும் ஆடும் பொருளுக்கான சீரிசை இயக்கச் சூத்திரத்தில் போட்டால், உச்ச முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 11 மீட்டருக்கு மேல் வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 தான்! அப்படியானால் சேணத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் 50 கிலோ ஆளுக்கு என்ன ஆகும்? சேணம் மேல்நோக்கி உதைக்கும்போது அவர் குதிரை முதுகில் 100 கிலோவுக்கு மேல் அழுத்துவார். சேணம் கீழே இறங்கும்போது அவரால் அதே வேகத்தில் விழ முடியாது. அந்தரத்தில் விடப்பட்டு அடுத்த நொடிப் பகுதியில் மறுபடி தொப்பென்று இறங்குவார். நொடிக்கு இரண்டுக்கும் மேற்பட்ட முறை, இரண்டேகால் நிமிடம். தராசில் 50 கிலோ காட்டிய அதே மனிதர் குதிரைக்கு ஒரு கணம் சுமையே இல்லை, மறு கணம் இரட்டைச் சுமை. முன்பின் ஆட்டத்திலும் இதே கதைதான்: ஒவ்வொரு தாவலிலும் அவரைப் பிடித்து நிறுத்தவும் மறுபடி இழுத்துக்கொண்டு ஓடவும் குதிரைதான் வேலை செய்ய வேண்டும்.

இதற்கு விடை அங்கவடியின், அதாவது ஜாக்கி பாதம் வைக்கும் வளையத்தின், குட்டையான வாரில் இருக்கிறது. பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில். முழங்காலும் இடுப்பும் நன்றாக மடங்கியிருக்கும், புட்டம் சேணத்தைத் தொடாது. சேணம் மேலே வரும்போது முழங்கால் இன்னும் மடங்குகிறது. கீழே போகும்போது விரிகிறது. நடுவில் இருக்கும் உடல் கிட்டத்தட்ட அதே உயரத்தில் நிற்கிறது. மெதுவான காணொளி கிடைத்தால் குதிரையை விட்டுவிட்டு ஜாக்கியின் இடுப்பை மட்டும் பாருங்கள். கீழே எல்லாம் கொந்தளித்துக்கொண்டிருக்க, அந்த இடுப்பு கோடு போட்டதுபோலப் போகும். எனக்கு இதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

எடையை யாரும் ஏமாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முழுத் தாவலின் சராசரியை எடுத்தால் குதிரை தாங்குவது ஜாக்கியின் முழு எடையைத்தான், நியூட்டன் தள்ளுபடி தருவதில்லை. மறைவது ஏற்ற இறக்கம் மட்டும். பூஜ்யத்துக்கும் இரட்டிப்புக்கும் இடையே தாவிக்கொண்டிருந்த விசை இப்போது சராசரியை ஒட்டியே நிற்கிறது.

இதன் பின்னாலுள்ள இயற்பியலை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நீளமான ரப்பர் பேண்டில் சின்னப் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, மேல் நுனியைப் பிடித்துக் கையை மேலும் கீழும் ஆட்டுங்கள். மெதுவாக ஆட்டினால் பூட்டும் கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் பூட்டு வெறிபிடித்ததுபோல் குதிக்கும், அது ஒத்ததிர்வு. அதையும் தாண்டி வேகமாக ஆட்டுங்கள். கை பரபரக்கும், பூட்டோ அநேகமாக அசையாமல் நிற்கும். ஆட்டும் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை ஆட்டம்), அமைப்பு தன்போக்கில் ஆடும் இயல்பு அதிர்வெண்ணைவிட நன்றாகக் கூடிவிட்டால், சுமை ஆட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடுகிறது. ஜாக்கி தன் கால்களை அந்த ரப்பரைப்போலத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும், அவற்றின் இயல்பு அதிர்வெண் குதிரையின் 2.4-க்குக் கீழே இருக்க வேண்டும். காலை விறைப்பாக நீட்டி அங்கவடியில் எழுந்து நின்றால் மடங்கவே இடமில்லை, ஆட்டம் முழுக்க உடலுக்கு ஏறிவிடும். வாரைக் குட்டையாக்குவது உயரத்துக்காக இல்லை, மடங்குவதற்கான இடத்துக்காக.

எடோ காலத்து (1603–1868) ஜப்பான் ஓவியங்களில் தோளில் வளையும் கழியின் இரு முனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டு ஓடும் வியாபாரிகளைப் பார்க்கலாம். நம் ஊரில் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தவர்களும் அதே வித்தையைத்தான் செய்தார்கள். அப்படி நெகிழும் கழியில் சுமந்து ஓடும்போது தோளில் விழும் உச்ச விசை குறைகிறது என்று 1990-களின் தொடக்கத்திலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மூங்கிலுக்குக் களைப்பு கிடையாது, தொடைத் தசைக்கு உண்டு. குதிரை மிச்சப்படுத்தும் உழைப்பில் ஒரு பகுதியை ஜாக்கி தன் உடம்பிலிருந்து கொடுக்கிறார். பந்தயத்தின்போது ஜாக்கியின் இதயத் துடிப்பு அவருடைய உச்ச அளவை நெருங்கிவிடுகிறது. நம்பாதவர்கள் சுவரில் சாயாமல் பாதி குந்திய நிலையில் இரண்டு நிமிடம் நின்று பார்க்கலாம். கியோத்தோவில் நடக்கும் வசந்தகால தென்னோ ஷோ பந்தயம் 3200 மீட்டர். 2017-இல் கிதசான் பிளாக் என்ற குதிரை அதை வென்றபோது எடுத்த நேரம் 3 நிமிடம் 12.5 நொடி. அதன் மேல் அத்தனை நேரம் அப்படி நின்றவர் யுதாகா தாக்கே, அப்போது அவருக்கு 48 வயது. ஜப்பான் டெர்பியை 6 முறை வென்றவர் அவர். அவர் குதிரை மேல் எவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்று ரசிகர்கள் புகழ்வார்கள். அந்த அமைதி ஓய்வு இல்லை, கடும் உழைப்பு. சிபா மாகாணத்தின் ஷிரோயில் இருக்கும் ஜாக்கி பள்ளியில் மூன்று ஆண்டுப் படிப்பு. அங்கே மாணவர்கள் உயிருள்ள குதிரையோடு மரக் குதிரையிலும் ஏறிப் பழகுகிறார்கள். குதிரை ஆடும்போது தான் ஆடாமல் இருப்பது அப்படிப் பழகிப் பழகித்தான் வருகிறது.

இந்த உட்காரும் முறை எப்போதும் இருந்ததல்ல. 1897-இல் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்து போய் இப்படி ஓட்டியபோது, குச்சியில் ஏறிய குரங்கு என்று கேலி செய்தார்கள். அவர் ஜெயிக்க ஜெயிக்கக் கேலி அடங்கியது, சில ஆண்டுகளில் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். ஏன் வேலை செய்கிறது என்று மட்டும் நெடுங்காலம் சரியாக விளங்கவில்லை. லண்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் குதிரையிலும் ஜாக்கியிலும் உணர்விகளைப் பொருத்தி இரண்டின் அசைவையும் தனித்தனியே அளந்து, 2009-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். நான் மேலே விவரித்த துண்டிப்பு அங்கேதான் எண்களோடு தெளிவானது. 1900-ஐ ஒட்டி, ஜாக்கிகள் குனியத் தொடங்கிய காலத்தில், பெரிய பந்தயங்களின் நேரம் 7 சதவீதம் வரை குறைந்ததையும் அவர்கள் காட்டினார்கள். 2400 மீட்டரில் 7 சதவீதம் என்பது 168 மீட்டர். ஒரு குதிரை நீளத்தில் முடிவாகும் விளையாட்டில் இது எவ்வளவு பெரிது!

ஜப்பானுக்கு இது வந்து சேர்ந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யோகோஹாமாவின் நெகிஷியில் 1866-இலேயே மேற்கத்திய பாணி மைதானம் வந்துவிட்டது. ஆனாலும் 1950-களிலும் ஜப்பானிய ஜாக்கிகள் பெரும்பாலும் நீண்ட வாரில், நிமிர்ந்த உடலோடு, தென்ஜின் சவாரி என்று அவர்கள் அழைத்த பழைய முறையில்தான் ஓட்டினார்கள். 1956-இல் டெர்பியை வென்ற ஹகுச்சிகாரா என்ற குதிரையை 1958-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர் அதன் ஜாக்கி தகாயோஷி யசுதா. அப்போது அவருக்கு 38 வயது, தன் நாட்டில் பெரிய வெற்றிகளைக் குவித்தவர். அங்கே மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, இத்தனை ஆண்டு பழகிய சவாரியை விட்டுவிட்டு, வாரைக் குட்டையாக்கி முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அந்த ஆண்டு நாடு திரும்பி அதே முறையில் ஓட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள். 48-ஆவது வயதில், 1968-இல், சத்சுகி ஷோ பந்தயத்தை வென்று ஜப்பானின் எட்டுப் பெரும் பந்தயங்களையும் வென்ற முதல் ஜாக்கி ஆனார். தேர்ந்த ஒருவர் தன் தேர்ச்சியையே கழற்றி வைத்துவிட்டு மாணவராக உட்காருவது எளிதில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஹகுச்சிகாரா 1959-இல் சாண்டா அனிதாவில் வாஷிங்டன் பிறந்தநாள் ஹேண்டிகேப்பை வென்றது, அப்போது மேலே இருந்தவர் ஓர் அமெரிக்க ஜாக்கி. பிற்காலத்தில் அந்தக் குதிரை இந்தியாவுக்கு அன்பளிப்பாக வந்து இங்கேயே இறந்தது.

ஆய்வுப் பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குதிரைமேல் உட்காரும் விதத்தை அளக்க எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. ஜப்பான் பந்தயக் கழகம் குதிரைகளுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்துகிறது. பந்தயம் கட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, அதில் பெரும் பகுதி கால்நடை வளர்ச்சிக்கு. சூதாட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு விலங்கை வைத்துப் பணம் பார்ப்பவர்கள் அந்த விலங்கின் எலும்பையும் மூச்சையும் ஆராயவும் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூறாண்டுகளாகக் கண்முன்னே நடந்த ஒன்றை விளங்கிக்கொள்ள 2009 வரை காத்திருந்தோம் என்றால், கேட்க ஆளும் அளக்கப் பணமும் இல்லாததுதான் காரணம்.

இந்த இயற்பியலிலிருந்து எடைக் கணக்குக்கும் ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் குதிரை சுமக்க வேண்டிய எடை முன்கூட்டியே தீர்மானிக்கப்படும். 2018 ஜப்பான் கப்பில் ஆல்மண்ட் ஐ சுமந்தது 53 கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த அளவுக்கு எட்டாவிட்டால் ஈயத் தகடு வைத்து ஈடுகட்டுவார்கள். ஈயத்துக்கு முழங்கால் இல்லை. அது சேணத்தோடு ஒட்டிக்கொண்டு எல்லா ஆட்டத்தையும் ஆடும், அதைத் தூக்கி இறக்கும் வேலை முழுதும் குதிரைக்கு. அதே ஒரு கிலோ ஜாக்கியின் உடம்பில் இருந்தால் அது மிதக்கும் பகுதியைச் சேர்ந்துவிடுகிறது. செத்த எடையைவிட உயிருள்ள எடை மேல் என்று குதிரைக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்ததற்கு இதில் நல்ல நியாயம் இருக்கிறது.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கும் ஜாக்கிகளின் உடல்நலத்தை முன்னிட்டு 2023-இல் ஜப்பான் அடிப்படை எடைகளைக் கூட்டியது. நான்கு வயதும் அதற்கு மேலுமான ஆண் குதிரைகள் இப்போது ஜப்பான் கப்பில் 58 கிலோ சுமக்கின்றன, முன்பு 57. குதிரைக்குக் கூடுதல் பாரமாயிற்றே என்று கேட்டால், அந்த ஒரு கிலோ பட்டினி கிடக்காத ஜாக்கியின் தொடையில் சேரும்வரை பயப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பட்டினியால் வலுவிழந்த கால் சீக்கிரம் விறைத்துப்போகும், நகயாமா பந்தய மைதானத்தின் கடைசி 310 மீட்டரில் வரும் மேட்டில் ஏறும் குதிரையை அதுதான் அதிகம் வருத்தும்.