லிம்போமா: கட்டியா, புற்றா?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், தொடையிடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்போம். தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் தானே வற்றும். அங்கே வீங்குவது நிணநீர்க்கணு. அதே கணு, பெரும்பாலும் வலியே இல்லாமல், ரப்பர் உருண்டைபோலத் திரண்டு வாரக்கணக்கில் கரையாமல் நின்றால் லிம்போமாவோ என்று மருத்துவர் ஐயப்படுவார்.

சொல்லின் முன்பாதி, லத்தீனில் தெளிந்த நீரைக் குறிக்கும் ‘லிம்பா’. தமிழில் நிணநீர்; உடலின் திசுக்களிலிருந்து வடிந்து தனி நாளங்களில் ஓடும் நீர். நிணம் என்றால் கொழுப்பு. சங்கப் பாட்டில் ஊனோடு சேர்ந்தே வரும் சொல். தெளிந்த நீருக்குக் கொழுப்பின் பெயரா? உண்டபின் குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணநீர் பால்போல வெளுத்திருக்கும். அதைப் பார்த்தவர்கள் தமிழ்ப்பெயரில் குறை சொல்லமாட்டார்கள்.

வம்பெல்லாம் பின்பாதியில். ‘ஓமா’ கிரேக்க விகுதி. கட்டி, வீக்கம் என்று பொருள். லிப்போமா தீங்கில்லாத கொழுப்புக் கட்டி. ஹீமட்டோமாவோ வெறும் இரத்தக்கட்டு. ஆனால் லிம்போமா, இன்றைய மருத்துவ வழக்கில், புற்றேதான். அதனால் ‘நிணநீர்க் கட்டி’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை; ‘நிணநீர்ப் புற்று’ என்பதே சரி.

மார்பில் இது இன்னும் குழப்பும். இரு நுரையீரல்களுக்கும் நடுவே, இதயத்தையும் மூச்சுக்குழலையும் ஒட்டி நிணநீர்க்கணுக்கள் உண்டு. அவை பெருத்தால் இருமலும் மூச்சிரைப்பும் வரும். தலை, கைகளிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையை அழுத்தினால் முகமும் கழுத்தும் வீங்கும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததுமே வீட்டில் ‘நுரையீரல் புற்று’ என்று பேச்சு தொடங்கிவிடும். புற்றுக்குப் பெயர் அது முளைத்த செல்லை வைத்து; கண்ட இடத்தை வைத்து அல்ல. நுரையீரல் புற்று பெரும்பாலும் மூச்சுப்பாதையையும் காற்றறைகளையும் போர்த்திய செல்களில் தொடங்குவது. லிம்போமா, லிம்போசைட் என்னும் வெள்ளணுவில். நுரையீரல் புற்று கணுவுக்குப் பரவினாலும் நுரையீரல் புற்றுதான், லிம்போமா ஆகாது. சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் பிரித்துச் சொல்லும். மருந்தும் அதற்கேற்ப மாறும்.

லிம்போமாவில் ஒரு வகைக்கு, 1832இல் இந்நோயை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் பெயர். 1865இல் அதைச் சூட்டியவர் இன்னொரு ஆங்கில மருத்துவர், சாமுவேல் வில்க்ஸ். நுண்ணோக்கியில் ஆந்தைக் கண்போல் இரட்டைக் கருவுள்ள பெரிய செல் அதன் அடையாளம். மற்ற எத்தனையோ வகைகளுக்குச் சேர்த்து ஒரே பெயர்: ‘ஹாட்ஜ்கின் அல்லாத’ நிணநீர்ப் புற்று. பெயரிட்டவர்கள் அதோடு களைத்துவிட்டார்கள் போலும்.