மைக்கேலின் மெதுவான நொடி

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 (சுருக்கமாக ஜிடிஏ 5) விளையாட்டின் கதைப் பகுதியில், துப்பாக்கிச் சண்டையின் நடுவே மைக்கேல் நேரத்தையே மெதுவாக்குகிறான். ஃபிராங்க்ளின் கார் ஓட்டும்போது அதையே செய்கிறான். அதே தெருக்களும் அதே கார்களும் இருக்கும் ஆன்லைன் பகுதியில் இந்தத் திறன் யாருக்குமே இல்லை. "வேண்டுமென்றே எடுத்துவிட்டார்களா, அல்லது கொடுக்கவே முடியாதா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒருவர் தனியாக அனுபவிக்கும் கதையையும் பலர் கூடி ஆடும் நகரத்தையும் ஒரே விளையாட்டுக்குள் வைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கான விடை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 செப்டம்பர் 17 அன்று வெளியான இந்த விளையாட்டு மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்பனையைத் தொட்டது. லாஸ் ஏஞ்சலஸை அச்சாகக் கொண்டு வரையப்பட்ட லாஸ் சாண்டோஸ் நகரமும், அதில் மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என்ற மூன்று குற்றவாளிகளின் கதையும் முதலில் வந்தன. இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 1 அன்று ஆன்லைன் பகுதி திறந்தது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களில் ஒரு நகரத்துக்குள் 16 பேர் வரை ஆட முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த புதிய பதிப்பில் அது 30 ஆனது.

இனி நேரத்துக்கு வருவோம். விளையாட்டுக்குள் காலம் ஆறுபோல் ஓடுவதில்லை; படிப்படியாக எட்டு வைத்து நடக்கிறது. நொடிக்கு 30 படங்கள் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் முப்பதில் ஒரு பங்கு கடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, பள்ளியில் படித்த இடப்பெயர்ச்சிச் சமன்பாட்டின்படி ஒவ்வொரு பொருளின் திசைவேகத்தையும் அந்தச் சிறு நேரத்தால் பெருக்கி, பொருளை அவ்வளவு தூரம் நகர்த்தி வைக்கிறது கணினி. மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு படத்துக்கு 1.67 மீட்டர் நகரும். நேரத்தை மெதுவாக்க வேண்டுமா? அந்தச் சிறு நேரத்தைக் கால் பங்காக்கினால் போதும். கார் இப்போது படத்துக்கு 42 சென்டிமீட்டர்தான் நகரும். தோட்டாவும் புகையும் உடையும் கண்ணாடியும் அதே விகிதத்தில் தயங்கும். மைக்கேலின் அற்புதத் திறன் கணக்கின்படி ஒரே ஒரு பெருக்கல்தான்.

அந்தப் பெருக்கலை இரண்டு பேருக்கு நடுவே செய்து பாருங்கள். நீங்கள் ஒரு வங்கி வாசலில் நின்று நான்கு நொடி நேரத்துக்கு உலகத்தைக் கால் பங்கு வேகத்துக்குக் குறைக்கிறீர்கள். உங்கள் உலகத்தில் ஒரு நொடிதான் கடந்திருக்கும். பக்கத்துத் தெருவில் 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எனக்கோ முழுதாக நான்கு நொடி கடந்து, நான் 200 மீட்டர் தாண்டியிருப்பேன். உங்கள் கணக்குப்படி நான் 50 மீட்டர்தான் வந்திருக்க வேண்டும். இந்த 150 மீட்டர் வேறுபாட்டுக்கு யார் பொறுப்பேற்பது? என்னையும் சேர்த்து மெதுவாக்கினால், என் கார் காரணமே தெரியாமல் சேற்றில் சிக்கியதுபோல் ஊரும். என்னை மெதுவாக்காவிட்டால், என் திரையில் நீங்கள் தண்ணீருக்குள் நடப்பவரைப் போல் அசையும் சுலபமான இலக்காகிவிடுவீர்கள், வரம் சாபமாகிவிடும். 30 பேருக்கும் இந்தத் திறனைக் கொடுத்துவிட்டால், மாற்றி மாற்றி யாராவது ஒருவர் அழுத்திக்கொண்டே இருப்பார். நகரம் ஒருபோதும் தன் இயல்பான வேகத்துக்குத் திரும்பாது.

இதற்கு ஒரு வழியை, இந்த விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனமே முன்பு முயன்று பார்த்திருக்கிறது. 2012-இல் வெளிவந்த மேக்ஸ் பெய்ன் 3 விளையாட்டின் பலர் ஆடும் பகுதியில், ஒருவர் நேரத்தை மெதுவாக்கும்போது அவருடைய பார்வைக் கோட்டுக்குள் வருபவர்கள் மட்டும் மெதுவாவார்கள். சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு உலகம் வழக்கம்போல் ஓடும். சுவர்களும் தாழ்வாரங்களும் நிறைந்த சிறிய களத்துக்கு இது அழகான தீர்வு. திறந்த நகரத்தில் பாராசூட்டில் மிதப்பவரின் பார்வைக் கோட்டுக்குள் பாதி ஊர் வந்துவிடும்.

படுக்கையிலும் இதே சிக்கல்தான். கதைப் பகுதியில் மைக்கேல் படுத்தால் 6 மணி நேரமும் ஃபிராங்க்ளின் படுத்தால் 8 மணி நேரமும் டிரெவர் படுத்தால் 12 மணி நேரமும் கடந்துபோகும். ஒருவனின் ஒழுங்கற்ற வாழ்க்கையை அவன் தூங்கும் நேரத்தாலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆன்லைனில் யாருடைய தூக்கமும் கடிகாரத்தைத் தள்ளாது. அங்கே ஒரு நாள் என்பது நம்முடைய 48 நிமிடம். அது எல்லோருக்கும் பொது. மழையும் வெயிலும்கூட அந்தப் பொதுக் கடிகாரத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலேயே எல்லாத் திரைகளிலும் ஒரே வானம் தெரிகிறது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இருவர் ஒரே பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஒரே நாளை அமாவாசை என்று அறிவதைப் போன்றது இது. (பஞ்சாங்கத்தின் வானியல் கணக்கின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, அதன் ராசிபலன் பக்கங்களை நான் நம்புவதில்லை, நம்பவேண்டிய காரணம் எதையும் யாரும் காட்டியதுமில்லை.)

வானத்தைப் பஞ்சாங்கத்திடம் விட்டுவிடலாம். தெருவில் ஓடும் டாக்ஸியை அப்படி விட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன்.

தனியாக ஆடும்போது நகரம் உங்களைச் சுற்றி மட்டுமே உயிரோடு இருக்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் போன கார் அழிக்கப்படுகிறது. முன்னால் திருப்பத்துக்கு அப்பால் புதியது பிறக்கிறது. பிளேஸ்டேஷன் 3-இன் முதன்மை நினைவகம் 256 மெகாபைட்தான். அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு மாநகரம் இருப்பதாக நம்பவைத்தது இந்தச் சிக்கனம்தான். ஆனால் 30 பேர் இருக்கும் நகரத்தில் உங்கள் முதுகுப்புறம் இன்னொருவருடைய கண்ணெதிர். அங்கே ஒரு காரை அழிப்பது யாருடைய முடிவு?

இந்த விளையாட்டில் நகரம் முழுவதையும் கணக்கிடும் ஒரு மைய சர்வர் இல்லை. ஆட்களைச் சேர்த்துவைப்பது, பணத்தையும் சொத்தையும் பதிவு செய்வது போன்றவற்றைச் சர்வர்கள் பார்த்துக்கொள்ளும். தெருவில் நடப்பதை ஆடுபவர்களின் இயந்திரங்களே தங்களுக்குள் பகிர்ந்து கணக்கிடுகின்றன. ஒவ்வொரு காருக்கும், ஒவ்வொரு பாதசாரிக்கும் எந்த நேரத்திலும் ஒரே ஓர் இயந்திரம்தான் உரிமையாளர். பட்டா அதன் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற இயந்திரங்களில் தெரிவதெல்லாம் நகல்கள்.

கடற்கரைச் சாலையில் ஒரு டாக்ஸி போகிறது. நான் அருகில் இருந்ததால் அது என் இயந்திரத்தில் பிறந்தது; சிவப்பு விளக்கில் நிற்பதா, முன்னால் போகும் லாரியை முந்துவதா என்று அதன் ஓட்டுநர் எடுக்கும் முடிவுகள் என் இயந்திரத்தில் நடக்கின்றன. நீங்கள் அந்தத் தெருவுக்கு வருகிறீர்கள். உங்களுக்கு அதன் நகல் தெரிகிறது. நான் மலைப்பக்கம் போய்விடுகிறேன். இனி அந்த டாக்ஸிக்கு நீங்களே நெருக்கம் என்பதால், பட்டா உங்கள் பெயருக்கு மாறுகிறது. வேகம், போகும் வழி, கதவில் பட்ட நசுங்கல், ஓட்டுநர் பயந்திருக்கிறாரா என்பது வரை அத்தனையும் கைமாற வேண்டும். ஏதாவது விடுபட்டால், துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிக்கொண்டிருந்த மனிதர் பயத்தை மறந்து சாவகாசமாக நடக்கத் தொடங்கிவிடுவார். நீங்களும் போய்விட்டால், பட்டாவை ஏற்க அருகில் ஆளில்லாமல் டாக்ஸி மறைகிறது.

அந்த டாக்ஸியை நீங்கள் திருடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஓட்டப்போவதால் கணக்கு உங்கள் இயந்திரத்துக்கு வந்தாக வேண்டும். உங்கள் இயந்திரம் என் இயந்திரத்திடம் உரிமை கேட்கிறது, என்னுடையது எழுதிக்கொடுக்கிறது. கதவைத் திறந்து ஓட்டுநரை வெளியே இழுக்கும் ஓரிரு நொடி அசைவு இந்தச் செய்திப் பரிமாற்றத்துக்குத் தாராளமாகப் போதும். திரையில் பட்டப்பகல் திருட்டாகத் தெரிவது, இயந்திரங்களுக்கு நடுவே முறைப்படி நடக்கும் பட்டா மாற்றம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றுவரை குறையவில்லை.

நகல்கள் எப்படிச் சீராக நகர்கின்றன என்பது அடுத்த வியப்பு. அதன் வேர் 1983-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்பா தொடங்கிய சிம்நெட் திட்டத்தில் இருக்கிறது. பீரங்கி வண்டிப் பயிற்சிக் கருவிகளை வலையமைப்பில் இணைத்தார்கள். ஒவ்வொரு கருவியும் தன் வண்டியைத் துல்லியமாகக் கணக்கிடும். கூடவே, "என்னைப் பற்றி மற்றவர்கள் என்ன ஊகித்துக்கொண்டிருப்பார்கள்" என்பதையும் கணக்கிடும். கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து கடைசியாகச் சொன்ன வேகத்தில் போவதாகவே எல்லோரும் ஊகிப்பார்கள். உண்மையான இடமும் ஊகமும் ஒரு வரம்புக்குமேல் விலகினால்தான் புதிய செய்தி போகும். நேராகப் போகும் வண்டி பேசத் தேவையே இல்லை. திரும்பும்போது மட்டும் பேசினால் போதும். இந்த முறை 1993-இல் ஒரு பொதுத் தரநிலையாகவே வெளியிடப்பட்டது. போருக்கான பணத்தில் பிறந்தது என்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆய்வை எவரும் படிக்கும்படி எழுதி வைத்ததால்தான் அது பயிற்சிக்கூடத்தைத் தாண்டி வந்தது. ஆய்வு நிதி கேட்டு வருபவரிடம் "உடனடிப் பயன் என்ன?" என்று மட்டும் கேட்கும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இந்த ஒரு கதையே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

ஊகத்துக்கும் எல்லை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். சென்னையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிங்கப்பூருக்குச் செய்தி ஒருவழி போகவே 14 மில்லி நொடிக்குமேல் ஆகும். நடைமுறையில் 100 மில்லி நொடித் தாமதம் சாதாரணம். அந்த நேரத்தில் நம் 180 கிலோமீட்டர் கார் 5 மீட்டர், அதாவது தன் நீளத்துக்கே ஓடிவிடும். ஊகம் இல்லாவிட்டால், சமமாக ஓடும் இரு பந்தயக்காரர்களில் ஒவ்வொருவரும் தானே ஒரு கார் நீளம் முன்னால் இருப்பதாகப் பார்ப்பார்கள். பெரிய இணையத் திட்டத்துக்கு மாறினால் இந்தத் தாமதம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நானும் 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு மாறினேன், பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) அசையவில்லை. குழாயை அகலமாக்கினால் கடல் சுருங்கிவிடாது.

இப்போது கதையை எடுத்துக்கொள்வோம். கதை சொல்ல எல்லாப் பட்டாவும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். எந்தக் கார் எந்த நொடியில் எந்த முனையில் வந்து மோத வேண்டும் என்பதை ஒரே கை தீர்மானித்தால்தான் காட்சி நிற்கும். அதனால்தான், 2015 மார்ச்சில் ஆன்லைனுக்குக் கொள்ளைத் திட்டங்கள் வந்தபோது, கொள்ளையில் இறங்குபவர்களைப் பொதுநகரத்திலிருந்து பிரித்து, வெளியாள் நுழைய முடியாத தனி நகரம் ஒன்றில் வைத்தார்கள். 2020 டிசம்பரில் வந்த கேயோ பெரிகோ கொள்ளையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே செய்யலாம். பலருக்காகக் கட்டிய ஆன்லைன், மெல்லத் தனி ஆளின் கதையை நோக்கித் திரும்பியது. அப்போதும் உங்கள் பாத்திரம் வாய் திறப்பதில்லை. எந்த முகத்துக்கும் பொருந்த வேண்டிய காட்சியில் ஒரு குறிப்பிட்ட குரலுக்கு இடமில்லை.

கதையின் காலவரிசையிலும் இதே கவனம் தெரிகிறது. ஆன்லைனின் தொடக்கக் கதை முதன்மைக் கதைக்குச் சில மாதங்கள் முன்பு நடக்கிறது; அதனால் டிரெவர் அங்கே வந்தாலும் முரண்பாடு எழாது. 1899-இல் நடக்கும், இதே நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் ஆன்லைன் காலம் 1898 என்றே வைத்தார்கள். கதைக்குப் பிந்தைய காலம்தான் சிக்கலானது. ஜிடிஏ 5-இன் இறுதியில் ஆடுபவர் டிரெவரைக் கொல்லலாம், மைக்கேலைக் கொல்லலாம், இருவரையும் காப்பாற்றலாம். மூன்று முடிவிலும் உயிரோடு இருக்கும் நாயகன் ஃபிராங்க்ளின் மட்டுமே. 2021 டிசம்பரில் ஆன்லைனுக்குள் அவனை அழைத்து வந்தபோது, யார் எந்த முடிவைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது பொய்யாகவில்லை.

இந்தச் சமநிலை எப்போதும் எட்டப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். நான்காம் பாகத்துக்கு 2009-இல் இரண்டு கதை விரிவாக்கங்கள் வந்தன. ஐந்தாம் பாகத்துக்கு ஒன்றுகூட வரவில்லை, ஆன்லைனே எல்லா உழைப்பையும் இழுத்துக்கொண்டது. என்னைப் போன்ற கதைப் பிரியர்களுக்கு இது உண்மையான இழப்பு. ரெட் டெட் ஆன்லைனுக்கோ நேர்மாறான கதி: 2022 ஜூலையில் இனிப் பெரிய புதுப்பிப்புகள் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

ஃபிராங்க்ளின் ஆன்லைனில் ஓர் ஏஜென்சி நடத்துகிறான். நகரத்தில் அதற்கான கட்டடங்கள் நான்கே நான்கு. ஏஜென்சி வாங்கிய அத்தனை பேருக்கும் அந்த நான்கு வாசல்கள்தான். நீங்களும் நானும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையலாம். திரை கறுத்து மீளும்போது நீங்கள் உங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள், நான் என் அலுவலகத்தில். உங்களுக்காக ஒரு ஃபிராங்க்ளின், எனக்காக ஒரு ஃபிராங்க்ளின். வெளியே, நாம் விட்டுவந்த கார்கள் இரண்டும் பொதுத் தெருவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.