நீண்ட ஸ்பானியச் சொல்லைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

ஸ்பானியம் படிக்கும் நம் மாணவர்களில் பலர், நீண்ட சொல் வந்தால் முதல் அசையிலேயே குரலை உயர்த்திவிடுகிறார்கள். தமிழில் அதனால் பொருள் மாறாது. ஸ்பானியத்தில் மாறும்: 'ஆ-ப்லொ' என்றால் 'பேசுகிறேன்', 'அ-ப்லோ' என்றால் 'அவர் பேசினார்'. (இங்கே அழுத்தம் விழும் அசையை மட்டும் நெடிலாக எழுதியிருக்கிறேன்.)

உயிரெழுத்திலோ என், எஸ் எழுத்துகளிலோ முடியும் சொல்லில், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இதற்கு மாறாக விழுந்தால் அந்த உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு இருக்கும்.

விதி எளிது. பிழை வருவது அசை பிரிப்பதில்தான். 'மருந்தகம்' என்னும் சொல் ஃபர்-மா-சிய, மூன்றே அசை. இகரமும் அகரமும் ஒட்டி ஓரசையாகும். 'சி-அ' என்று பிரித்தால் நான்காகி, அழுத்தம் தவறாகச் 'சி'க்குப் போய்விடும். 'காவல்துறை' என்பதிலோ இகரத்தின் மேல் சாய்கோடு உண்டு. அதனால் அங்கே பிரித்தே ஆக வேண்டும்: பொ-லி-சீ-அ.

இன்னொன்று, எஸ்ஸும் அடுத்த மெய்யும் சேர்ந்து அசையைத் தொடங்காது. 'நிர்வாகங்கள்': அத்-மி-நிஸ்-த்ர-சியோ-நெஸ். 'நி-ஸ்த்ர' என்று பிரிப்பது தவறு. 'த்ர' மட்டும் பிரியாமல் நிற்கும். இதன் ஒருமை 'சியோன்' என்று முடிவதால் சாய்கோடு வேண்டும். பன்மையில் அசை ஒன்று கூடி, அழுத்தம் விதிப்படியே அமைந்துவிடுவதால் கோடு வேண்டாம். பன்மையிலும் கோடு போடுவதுதான் தேர்வுத்தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை. 'இளைஞர்' என்னும் சொல்லில் நேர்மாறு: ஹோ-பென் கோடில்லாதது, பன்மையான ஹோ-பெ-நெஸ் கோடுள்ளது.

'த்ல' மட்டும் ஊருக்கு ஊர் மாறும். 'தடகளம் சார்ந்த' என்னும் சொல் மெக்சிகோவில் அ-த்லே-தி-கொ, ஸ்பெயினின் பெரும்பகுதியில் அத்-லே-தி-கொ. இரண்டும் சரி.

'மேன்-தெ' என முடியும் வினையடைகளுக்கு இரண்டு அழுத்தம். 'துரதிர்ஷ்டவசமாக': தெ-ச-ஃபொர்-து-நா-த-மேன்-தெ. மூலப் பெயரடையில் சாய்கோடு இருந்தால் அதை நீக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

'பொறுப்பு' என்னும் சொல்லை 'ரெஸ்போன்சாபிலிதாத்' என்று தமிழில் எழுதி வைத்துப் படித்தால், நெடில் இருக்கும் இடமெல்லாம் அழுத்தம் கேட்கும். ஸ்பானிய எழுத்திலேயே எழுதி, ஓர் அசைக்கு மட்டும் அடிக்கோடிடுங்கள். பிறகு வாலிலிருந்து கூட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: தாத், லி-தாத், பி-லி-தாத், ச-பி-லி-தாத், பொன்-ச-பி-லி-தாத், ரெஸ்-பொன்-ச-பி-லி-தாத்.