ரைஃபிள் தோட்டாவுக்குப் பிரைமர் தேர்வது எப்படி

தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் உரிமம் பெற்ற குறிசுடு வீரர்கள் வெடிமருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுக்கிறார்கள். மருந்தும் குண்டும் அடங்கிய உலோக உறையின் கழுத்தைத் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கிறார்கள். மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் பிரைமரை மட்டும், அளவு பொருந்தினால் போதும் என்று விட்டுவிடுபவர்கள் அவர்களிலும் உண்டு. உண்மையில் உறை, மருந்து, குண்டு மூன்றையும் மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றினாலே உறைக்குள் எழும் உச்ச அழுத்தமும் குண்டின் வேகமும் மாறிவிடும்.

பிரைமர் என்பது ஒரு சிறிய உலோகக் கிண்ணம். ரைஃபிள் பிரைமர்கள் ஏறத்தாழ 4.45 மில்லிமீட்டர், 5.33 மில்லிமீட்டர் என இரண்டு விட்டங்களில் வருகின்றன. கிண்ணத்தின் அடியில் சில பத்து மில்லிகிராம் தீக்கலவை அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல், கால்கள் விரிந்த ஓர் உலோகத் துண்டு பட்டடைபோல் அமர்ந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் மோதும்போது கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவில் நசுங்குகிறது. படிகங்கள் ஒன்றோடொன்று உரசும் நுண்ணிய புள்ளிகளில் வெப்பம் குவிந்து, எளிதில் தீப்பற்றும் ஈய ஸ்டிஃப்னேட் முதலில் எரிகிறது. பேரியம் நைட்ரேட் ஆக்சிஜனைத் தர, ஆன்டிமனி சல்ஃபைடு எரிபொருளாகிறது. அப்போது எழும் சூடான வாயுவும் தணலாக ஒளிரும் திடத் துகள்களும் உறையின் அடியிலுள்ள சுமார் 2 மில்லிமீட்டர் அகலத் துளை வழியாக மருந்துக்குள் பாய்கின்றன. வாயு விரைவில் குளிர்ந்துவிடும். துகள்களோ மருந்து மணிகளுக்கிடையே பதிந்து, தாம் தொட்ட இடத்துக்கு வெப்பத்தைத் தொடர்ந்து கொடுக்கும். அதனால் ஒரு பிரைமரின் திறனை அதன் சத்தத்தையோ சுவாலையின் நீளத்தையோ வைத்து மட்டும் எடைபோட முடியாது.

அடித்தால் தீப்பற்றும் வேதிப்பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் பல காலம் பயன்பட்ட பொட்டாசியம் குளோரேட் கலவைகள் எரிந்த பின் குழலில் பொட்டாசியம் குளோரைடு உப்பை விட்டுச்சென்றன. அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. ஈய ஸ்டிஃப்னேட் கலவைகள் அந்தத் தொல்லையைப் போக்கின. பட்டடை பிரைமருக்குள்ளேயே இருப்பது பாக்ஸர் வகை. உறையின் அடியிலேயே அது அமைந்திருப்பது பெர்டான் வகை. பாக்ஸர் உறையில் துளை நடுவில் ஒன்றே இருப்பதால், எரிந்த பிரைமரை உள்ளிருந்து ஒரு கம்பியால் தள்ளி எடுத்துவிடலாம். மறுநிரப்பல் செய்பவர்கள் அதையே விரும்பக் காரணம் இதுதான்.

தேர்வின் கடினமான பகுதி மருந்தோடு தொடர்புடையது. புகையில்லா மருந்து எரியும் வேகம் அதைச் சூழ்ந்துள்ள அழுத்தத்தைப் பொறுத்தது: அழுத்தம் ஏற ஏற எரிதலும் விரைவுபடும், எரிதல் விரைவுபட்டால் அழுத்தம் மேலும் ஏறும். இந்தச் சுழல் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பதைப் பிரைமரே முடிவு செய்கிறது. பல மணிகளில் ஒரே நேரத்தில் தீப்பிடித்தால் அழுத்தம் சீராக உயரும். ஒரு மூலையில் மட்டும் பிடித்தால் தொடக்கம் தள்ளிப்போய், ஒவ்வொரு தோட்டாவும் சிறிதளவு வேறுபடும். உருண்டை மணி மருந்துகளின் மேற்பரப்பில், தொடக்க எரிதலைத் தணிப்பதற்கென்றே பொதுவாக ஒரு வேதிப்பொருள் ஊட்டப்பட்டிருக்கும். பற்றவைக்க அவை கூடுதல் வெப்பம் கேட்கும். கடுங்குளிரில் இன்னும் அதிகம் கேட்கும். நான்கு கிராமுக்கு மேல் மருந்து கொள்ளும் பெரிய உறைகளிலும் இதே நிலைதான். இவற்றுக்காகவே மேக்னம் பிரைமர்கள் உருவாயின. அவற்றின் கலவை கூடுதல் வெப்பம் தரும். சுவாலையும் சற்று நீடிக்கும்.

மேக்னம் என்ற பெயரை உயர்தரம் என்று எடுத்துக்கொள்வது, நான் பார்த்தவரை, இத்துறையில் மிகப் பரவலான பிழை. எளிதில் தீப்பிடிக்கும் குச்சி வடிவ மருந்து நிரம்பிய நடுத்தர உறையில் வலிய பிரைமரைப் பொருத்தினால், அதன் உந்துவிசை, மருந்து நன்றாகப் பற்றுவதற்கு முன்பே குண்டைக் கழுத்திலிருந்து நகர்த்திவிடக்கூடும். அப்போது எரிதல் தொடங்கும் இடத்தின் கொள்ளளவு தோட்டாவுக்குத் தோட்டா மாறும். இதனால்தான் நெடுந்தூரப் போட்டியாளர்கள் சிலர் .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவில், வழக்கமான பெரிய பிரைமரை விட்டு, சிறிய பிரைமருக்கெனச் செய்த உறைகளை நாடுகிறார்கள். அதே சிறிய பிரைமர், தணிப்பு ஊட்டிய மருந்தோடு உறைபனிக் குளிரில் தடுமாறலாம். மருந்தைத் தவறாமல் பற்றவைக்கும் பிரைமர்களில் மிக மென்மையானதைத் தேர்வதே நல்லது என்பது என் கருத்து.

கிண்ணத்தின் தடிமன் தனியாக ஆராய வேண்டிய பொருள். சிறிய கைத்துப்பாக்கிப் பிரைமரும் சிறிய ரைஃபிள் பிரைமரும் வெளி அளவில் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றொன்று தடையின்றி நுழையும். ஆனால் கைத்துப்பாக்கிப் பிரைமரின் தகடு மெல்லியது. .223 ரெமிங்டன் போன்ற ரைஃபிள் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை செல்லும். அதில் மெல்லிய தகடு துளைபட்டால், சூடான வாயு பின்னோக்கிப் பீய்ச்சி ஊசியின் நுனியை அரித்துவிடும். சிறிய ரைஃபிள் பிரைமர்களிலேயே சில ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டரும் சில 0.64 மில்லிமீட்டரும் தடிமன் கொண்டவை. ஏஆர்-15, எம்1 காரண்ட் போன்ற அரைத் தானியங்கு ரைஃபிள்களில் ஊசியைப் பின்னால் பிடித்துவைக்கும் சுருள்வில் கிடையாது. தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏறும் வேகத்திலேயே ஊசி முன்னே சென்று பிரைமரைத் தொட்டுவிடும். சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவைப் பார்த்தால் பிரைமரின் நடுவில் அந்தச் சிறு பள்ளம் தெளிவாகத் தெரியும். இத்தகைய துப்பாக்கிகளுக்கு உணர்திறன் குறைந்த பிரைமர் வேண்டும். பிரைமர் தயாரிக்கும் சிசிஐ நிறுவனத்தின் 34, 41 ஆகிய வகைகள் இந்தத் தேவைக்காகவே வந்தவை. மாறாக, ஊசியை அடிக்க வைக்கும் சுருள்வில் தளர்ந்த பழைய ரைஃபிளில் கடினமான கிண்ணம் அடி வாங்கியும் தீப்பிடிக்காமல் நிற்கலாம்.

தேர்வைச் சரிபார்க்க வேகமானியைத்தான் நம்ப வேண்டும். ஐந்து தோட்டாக்களில் கிடைக்கும் வேக வேறுபாடு எளிதில் ஏமாற்றும் என்பதால், இருபதுக்குக் குறையாமல் அளப்பது தகும். மறுநிரப்பல் கையேடு குறிப்பிட்ட பிரைமரை விட்டு வேறொன்றுக்கு மாறுகிறவர், மருந்தளவைக் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறக்கி, அங்கிருந்து படிப்படியாகவே ஏற வேண்டும். எரிந்த பிரைமரை உருப்பெருக்கியில் பார்ப்பது பயன் தரும். ஆனால் அதன் சாட்சி அரைகுறையானது. விளிம்பின் வளைவு மறைந்து தட்டையானால் அழுத்தம் அதிகம் என்பார்கள். மென்மையான கிண்ணம் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். ஊசித் தடத்தைச் சுற்றி எழும் வரம்பு, துப்பாக்கியில் ஊசி வெளிவரும் துளை அகன்றிருப்பதாலும் வரலாம்.

நல்ல பிரைமரும் சரியாக அமராவிட்டால் பயனில்லை. பட்டடையின் கால்கள் குழியின் தரையைத் தொட்டு, கலவை இலேசாக அழுந்தும் நிலையில் பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே, 0.1 மில்லிமீட்டர் அளவில், நிற்க வேண்டும். விரல் நுனியைக் குறுக்கே ஓட்டினால் மேடு இருப்பது தெரிந்துவிடும். மேடாக நின்ற பிரைமரை ஊசியின் முதல் அடி உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். அரைத் தானியங்கு ரைஃபிளிலோ அது அறை முழுதாகப் பூட்டப்படுவதற்கு முன்பே வெடிக்கக்கூடும். பிரைமர்களை அவை வந்த அட்டையிலேயே, ஒன்றையொன்று தொடாமல் வைத்திருக்க வேண்டும். குப்பியில் கொட்டி வைத்தால் ஒன்றில் பற்றும் தீ அனைத்துக்கும் தாவும். தீக்கலவையிலும் எரிந்த சாம்பலிலும் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுவது அவசியம். ஊசி அடித்தும் வெடிக்காத தோட்டா சிறிது தாமதித்து வெடிக்கலாம் என்பதால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்திருந்து, குறைந்தது முப்பது வினாடி கழித்தே அறையைத் திறக்க வேண்டும்.